பள்ளியில் விட்டால் பேச்சு வந்துவிடுமா?

பேச்சு வராத குழந்தை ஒன்று வீட்டில் இருந்தால், அந்த வீட்டுப் படியேறுகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்கிறவர்கள் உண்டு. நாக்கின் அடியில் ஒட்டு இருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு. கைப்பேசியைப் பிடுங்கி எறிந்தால் மறுநாளே பேசுவான் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் யோசனை ஒன்றுதான்: "பள்ளிக்கூடத்துல விட்டுருங்க, நாலு பிள்ளையளோட சேந்தா தானா பேச்சு வந்துரும்." பால்காரர் சொன்னார், மாடிவீட்டு ஆசிரியை சொன்னார், தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு மருத்துவரும் சொன்னார். என் தங்கை மகனுக்காக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு இந்த வாக்கியத்தின்மேல் ஒரு பிணக்கே உண்டாகிவிட்டது. முழுப் பொய் என்று தள்ளவும் இயலவில்லை, அப்படியே ஏற்கவும் மனம் இடம் தரவில்லை.

இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் கூடவே இன்னொன்றையும் சொல்வார்கள். "அம்மா இடுப்பை விட்டு எறங்கவே மாட்டேங்கான், பெறகு எப்படிப் பேச்சு வரும்?" அதாவது, பேசாமல் இருப்பதும் தாயை விடாமல் இருப்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள், தாயிடமிருந்து பிரித்துவிட்டால் இரண்டும் ஒருங்கே தீரும் என்பது கணக்கு. பார்வைக்கு நேர்த்தியான கணக்குதான். இதில் எந்த இடத்தில் உண்மை இருக்கிறது, எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை, அவனோடு கழித்த நாட்களையும் அதை ஒட்டிப் படித்தவற்றையும் வைத்துப் பிரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

தங்கை பாளையங்கோட்டையில் இருக்கிறாள். வேலை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில். அவள் கணவருக்குத் தூத்துக்குடியில் பணி என்பதால் வீடு திரும்ப இரவாகிவிடும். பகலில் பையனைப் பார்த்துக்கொள்வது எங்கள் அம்மா, அவனுக்கு ஆச்சி. நான் அவர்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். இரண்டரை வயதில் அவனிடம் இருந்த சொற்களை ஒரு கைவிரல்களுக்குள் அடக்கிவிடலாம். 'ம்மா' என்பது தாய். 'பா' என்பது பாலும் பந்தும் பஸ்ஸும். ஆனால் நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரிந்தது. "கதவுக்குப் பின்னால ஆச்சி செருப்பு கெடக்கு, எடுத்துட்டு வா" என்றால் போய் எடுத்து வருவான். வேண்டியதைச் சுட்டிக்காட்டுவான், நாம் பார்க்கிறோமா என்று திரும்பிப் பார்ப்பான். தாய் குளியலறைக்குப் போனால்கூடக் கதவடியில் உட்கார்ந்து அழுவான்.

முதலில் காது

இந்தச் சுட்டிக்காட்டலும் திரும்பிப் பார்த்தலும் எவ்வளவு முக்கியமானவை என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. ஆனால் அதற்கும் முன்னால் வரவேண்டியது காது. பேச்சு தாமதப்படும் எந்தக் குழந்தைக்கும் முதற்பரிசோதனை செவிப்புலனுக்குத்தான் என்பதில் குழந்தை மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. எங்கள் வீட்டில் இதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. குக்கர் விசிலுக்கு ஓடுகிறவன், வாசல் கேட் திறக்கும் ஓசைக்குத் துள்ளுகிறவன், அவனுக்கா காது கேட்கவில்லை என்று அம்மா கோபித்துக்கொண்டாள். பாளையங்கோட்டைக்காரர்களுக்குக் காது கேளாமை என்றதும் நினைவுக்கு வருவது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளியும், சாலையோரம் கைகளால் பேசிக்கொண்டு போகும் அதன் மாணவர்களும்தான். அதனால் எங்கள் ஊரில் இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேச்செடுத்தாலே குழந்தைக்கு முத்திரை குத்துவதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கேட்டல் என்பது உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகளில் இருப்பதில்லை. குக்கர் விசிலைக் கேட்கும் காதுக்கு 'ச', 'த', 'க' போன்ற மெல்லிய ஒலிகள் மங்கலாக விழக்கூடும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கி, ஒரு வாரம் நன்றாகவும் மறுவாரம் மந்தமாகவும் கேட்கலாம். இதை வீட்டுக் கைதட்டல்களால் கண்டுபிடிக்க முடியாது.

காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பி உட்செவி தரும் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.ஈ. என்ற பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரா என்பதற்குக் குழந்தை தூங்கவேண்டும் என்பதால் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, காதுக்குள் ஒலியை அனுப்பி, தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியே நரம்பின் எதிர்வினையைப் பதிவுசெய்கிறார்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அமைந்த மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இவையெல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அப்படி ஒரு மையம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அவனுக்குக் காது நன்றாகவே கேட்டது. அம்மா, "நான் அப்பவே சொன்னேன்லா" என்றாள். நல்ல முடிவு வந்த பரிசோதனையை வீண் செலவு என்று நினைக்கிற வழக்கம் நம்மிடம் எப்படித்தான் வந்ததோ.

அடுத்து ஆட்டிசம் பற்றிய அச்சம். "இவன் அம்மாட்ட இப்படி ஒட்டிக்கிடுதானே, அதெல்லாம் இருக்காது" என்று உறவினர்கள் தேற்றினார்கள். அன்போடு சொன்னதுதான், ஆனால் அந்தத் தேற்றுதலுக்கு அடிப்படை இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் பெற்றோரோடு பாசப்பிணைப்புக் கொள்கிறார்கள், பிரிவுக்கு அழுகிறார்கள் என்பது பல பத்தாண்டுகளாகவே ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி. ஆகவே தாயை விடாமல் இருப்பது எதையும் விலக்கிவிடாது. விடுகிறான் என்பது எதையும் உறுதி செய்யாது. ஆட்டிசத்துக்கான வாய்ப்பு இருக்கிறதா என்று முதற்கட்டமாகப் பார்க்க, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் எம்-சாட் என்ற வினாப்பட்டியலில் 20 கேள்விகள் இருக்கின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, ஒன்றை உங்களுக்குக் காட்டுவதற்காகவே சுட்டுகிறதா, நீங்கள் பார்க்கும் திசையில் தானும் பார்க்கிறதா என்பவை அவற்றில் அடக்கம். பந்து வேண்டும் என்று கைநீட்டுவது ஒருவகைச் சுட்டல். வானத்தில் விமானம் போகிறது, நீயும் பார் என்று காட்டுவது வேறுவகை. இரண்டாவதில் கிடைப்பதற்கு ஒன்றுமில்லை, பகிர்வதற்கு மட்டுமே இருக்கிறது. அவன் இரண்டையும் செய்தான்.

ஐந்து வயதுவரை பேசாத கவிஞர்

காதில் குறையில்லை, ஆட்டிசத்தின் அறிகுறிகளும் இல்லை என்றானபின், அம்மாவின் ஆயுதமாக வந்து நின்றவர் குமரகுருபரர். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர், ஐந்து வயதுவரை பேசாதிருந்தவர், பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய்ச் சந்நிதியில் கிடத்தியபின் பாடத் தொடங்கியவர் என்ற கதை தாமிரபரணிக் கரையில் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். மற்ற ஊர்களில் ஐன்ஸ்டைனைச் சொல்வார்கள். எங்களுக்குச் சில ரயில் நிறுத்தங்கள் தள்ளி ஓர் உள்ளூர்ச் சான்று இருப்பதால் அயலாரைத் தேடிப் போகவேண்டியதில்லை. நாங்களும் திருச்செந்தூருக்குப் போனோம். நல்ல காற்று, நல்ல தரிசனம், கடலைக் கண்டு அவனுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. இந்தக் கதையோடு எனக்குச் சண்டை இல்லை. காத்திருக்கிற குடும்பத்துக்கு அது தெம்பூட்டுகிறது. ஆனால் பேசாத குழந்தையின் பெற்றோர் ஐந்து வருடம் கைகட்டிக் காத்திருந்ததாக அந்தக் கதையில்கூட இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அவர்கள் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

காத்திருக்கலாமா என்பதற்கு அறிவியலின் பதிலும் சற்று வழுக்கலானதுதான். இரண்டு வயதில் ஐம்பது சொற்களுக்குக் குறைவாகவோ, இரு சொற்களை இணைக்காமலோ இருக்கும் குழந்தைகளைத் தாமதமாகப் பேசுவோர் என்று வகுத்துக்கொள்ளும் வழக்கத்தை 1989இல் அமெரிக்க உளவியலாளர் லெஸ்லி ரெஸ்கோர்லா வெளியிட்ட சொற்பட்டியல் பரவலாக்கியது. ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டுக் குழந்தைகள் அந்த வகையில் வருகிறார்கள்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளி வயதுக்குள் தாமாகவே மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், எட்டிப்பிடிக்கப்போகிறவர் யார், பின்தங்கப்போகிறவர் யார் என்பதை இரண்டு வயதில் பார்த்து உறுதியாகச் சொல்ல இயலாது. சொன்னது புரிகிறதா, சைகைகள் இருக்கின்றனவா என்பவை நம்பிக்கை தரும் அடையாளங்கள், உத்தரவாதங்கள் அல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் படிநிலைகளைத் திருத்தி, ஐம்பது சொற்கள் என்பதை 30 மாதத்துக்கு நேராக வைத்தது. குழந்தைகள் மந்தமாகிவிட்டதால் செய்த மாற்றம் அன்று அது; பாதிக் குழந்தைகள் எட்டும் வயதுக்குப் பதிலாக முக்கால்வாசிப் பேர் எட்டும் வயதைக் குறிப்பது என்று அளவுகோலை மாற்றிக்கொண்டார்கள். இணையத்தில் பழைய அட்டவணையும் புதிய அட்டவணையும் அருகருகே கிடப்பதால், இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியைத் துழாவும் தாய்க்கு எது கண்ணில் படுகிறதோ அதைப் பொறுத்து அன்றைய தூக்கம் அமைகிறது.

வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவதால்தான் தாமதம் என்ற குற்றச்சாட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். இரு மொழிகள் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாவதில்லை. இரண்டிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ணவேண்டும், அவ்வளவே. திரையைப் பற்றி இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது தெளிவானது: இரண்டு வயதுவரை உறவினரோடு காணொளியில் பேசுவது தவிர வேறெதுவும் வேண்டாம், ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

அழுகை நின்ற பின்

மூன்று வயதை நெருங்கும்போது, ஊரார் யோசனையே வென்றது. ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம், பல பள்ளிகளில் இதுவே நடைமுறை. வாசலில் ஓர் ஆயா குழந்தையை வாங்கிக்கொள்வார், கேட் மூடிக்கொள்ளும், பெற்றோர் திரும்பிப் பார்க்காமல் போய்விடவேண்டும். "ஒரு வாரம் அழுவான், அப்புறம் பழகிருவான்" என்றார்கள். அப்படியே நடந்தது. சுமார் ஒரு வாரம் அழுதான், பிறகு அழுகை நின்றது. பள்ளியில் மகிழ்ந்தார்கள். வீட்டில் மட்டும் வேறு காட்சி. இரவில் இருமுறை மும்முறை விழித்து, தாய் பக்கத்தில் இருக்கிறாளா என்று தடவிப் பார்த்துவிட்டுத் தூங்கினான். இருந்த ஐந்து சொற்களில் 'பா' காணாமல் போனது.

அந்த நாட்களில்தான் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவரைப் பற்றிப் படித்தேன். தாய் சேய்ப் பிணைப்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு லண்டனில் பணியாற்றியவர். சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தாயின்றித் தங்கவைக்கப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம் பிடித்து, 1952இல் மருத்துவர்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் எதிர்க்கும், பிறகு சோர்ந்து அடங்கும், பிரிவு நீண்டால் தாயிடமிருந்தே விலகிக்கொள்ளும் என்று மூன்று கட்டங்களாக அவர் வகுத்தார். செவிலியர் 'இப்போது அமைதியாகிவிட்டது' என்று திருப்தி கொள்ளும் கட்டம் அவருடைய கணக்கில் இரண்டாவது. திரையிட்ட அன்று மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் 1959இல், மருத்துவமனைகளில் குழந்தைகளின் நலனை ஆராய பிரிட்டனில் அமைக்கப்பட்ட பிளாட் குழு, குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. இதைப் படிக்கும்போது நம் அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவு என் நினைவுக்கு வந்தது. கட்டிலுக்கு அடியில் பாயும் தூக்குவாளியும் வைத்துக்கொண்டு தாயும் பாட்டியும் குடியிருப்பார்கள். பிரிட்டனில் குழு போட்டுப் பெற்றதை நாம் யாரும் கேட்காமலேயே வைத்திருந்தோம். அதே நாம் மழலையர் பள்ளி வாசலில் மட்டும் ஏன் இப்படிக் கேட்டைச் சாத்துகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

மூன்று மணி நேரப் பள்ளியும் எட்டு நாள் மருத்துவமனையும் ஒன்றாகிவிடா என்பது எனக்குத் தெரியும். பிரிவச்சம் என்பதே வளர்ச்சியின் ஒரு பகுதி. ஏழெட்டு மாதத்தில் தொடங்கி, ஒன்று முதல் ஒன்றரை வயதில் உச்சம் தொட்டு, மூன்று வயதை ஒட்டிப் பெரும்பாலும் தணிந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகனும் கூட்டாளிகளும் 1970களில் கலஹாரிப் பாலைவனக் குழுக்கள், குவாதமாலாவின் கிராமங்கள், இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்னும் கூட்டுவாழ்வுக் குடியிருப்புகள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வளர்ப்பு முறைகளை ஒப்பிட்டபோதும் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஆகவே செல்லம் கொடுத்ததால் வந்தது, கூட்டுக் குடும்பம் இல்லாததால் வந்தது என்ற பழிகள் நிற்கா. ஆனால் மூன்று வயதில் தணியவேண்டியது இவனுக்கு ஏன் தணியவில்லை என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அதற்கான பதிலின் ஒரு நுனி, நாங்கள் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது.

மயில்

பேச்சுப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருந்தோம். பயிற்சியாளர் இளவயதுப் பெண். முதற்சில அமர்வுகளில் அவர் பையனிடம் ஒரு சொல்கூட வாங்க முயலவில்லை. தரையில் உட்கார்ந்து அவனோடு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் ஒரு கட்டையை வைப்பான், திரும்பித் தாயைப் பார்ப்பான். இன்னொன்றை எடுப்பான், மறுபடி பார்ப்பான். பயிற்சியாளர் ஜன்னலைக் காட்டி "காக்கா" என்றால், ஜன்னலைப் பார்க்காமல் உடனே தாய் பக்கம் திரும்பினான். அதைக் கண்டதும் அவர் கட்டைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, என் தங்கையிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"காலையில ஆபீஸ் கெளம்பும்போது இவன்ட்ட என்ன சொல்லிட்டுப் போவீங்க, அக்கா?"

"சொல்லிட்டா? சொன்னா விடவே மாட்டானே. எங்க அம்மா மாடிக்குத் தூக்கிட்டுப் போயி மயில் காட்டுவாங்க. நான் பின்வாசல் வழியா போயிருவேன்."

"அப்போ மயிலப் பாத்தா அம்மா காணாமப் போயிருவாங்கன்னு அவனுக்குத் தெரியும். இனிமே யாராச்சும் 'அங்க பாரு'ன்னா, அவன் அங்க பாப்பானா, ஒங்களப் பாப்பானா?"

இதற்குமேல் அவர் விளக்கவில்லை. பையன் கட்டைகளைக் கேட்டு இழுத்ததால் மறுபடி விளையாடப் போய்விட்டார். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி பல நாள் தலைக்குள் கிடந்தது. குழந்தை சொல்லைக் கற்கும் முறையே இந்த 'அங்கே பார்' தான். பெரியவர் ஒன்றைச் சுட்டுகிறார், குழந்தை விரலைத் தொடர்ந்து அந்தப் பொருளைப் பார்க்கிறது, அந்த நேரத்தில் காதில் விழும் ஒலி அந்தப் பொருளின் பெயராகிறது. இருவர் பார்வையும் ஒரே பொருளில் சேர்ந்து நிற்கும் அந்தச் சில நொடிகள்தாம் மொழியின் விளைநிலம். எங்கள் வீட்டிலோ சுட்டுவதும் பெயர் சொல்வதும் தாய் மறைவதற்கான முன்னறிவிப்பாகியிருந்தன. ஒவ்வொரு காலையும், எத்தனையோ நாட்கள். அவன் கவனம் பொருளின்மேல் நிற்காமல் தாயைக் காவல் காத்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவின் வீடுகளிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய் சேய்களைக் கவனித்துச் சொன்னதன் சாரமும் இதுதான்: தாய் இருப்பாள் என்ற நிச்சயம் உள்ள குழந்தையே அவளை விட்டு நகர்ந்து உலகத்தைத் துழாவும், நிச்சயம் இல்லாத குழந்தை தாயையே துழாவிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. கண்மறைத்துக் கிளம்பியதால்தான் அவனுக்குப் பேச்சு வரவில்லை என்று நான் சொல்லவில்லை, பயிற்சியாளரும் சொல்லவில்லை. நம் ஊரில் பாதித் தாய்மார்கள் அப்படித்தான் கிளம்புகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வாயாடிகளாகவும் இருக்கிறார்கள். வேறுபாடு எங்கே என்றால், பேசும் குழந்தை பத்து நிமிடம் கழித்து ஆச்சியிடம் "அம்மா எங்க? எப்ப வருவா?" என்று கேட்டுவிடுகிறது. பதில் கிடைக்கிறது, திருப்தி இல்லையென்றால் மறுபடி கேட்கிறது, அன்று மாலைக்குள் இருபது தடவை கேட்டு இருபது தடவை அதே பதிலைப் பெற்றுத் தன் அச்சத்தைத் தானே தேற்றிக்கொள்கிறது. பேச்சில்லாத குழந்தைக்குக் கேட்கும் வழி இல்லை. கேட்கவில்லை என்பதால் நாமும் சொல்வதில்லை. பேசத் தெரியாதவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு, பேசாததையும் புரியாததையும் ஒன்றாக்கிவிடுகிறது. கதவுக்குப் பின்னால் கிடக்கும் செருப்பு என்ற நீளமான கட்டளை புரிந்தவனுக்கு, 'அம்மா ஆபீஸ் போறேன்' என்பது மட்டும் புரியாது என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். சொல்லிவிட்டுப் போகவேண்டிய தேவை மிகுதியாக இருக்கும் குழந்தையிடம்தான் நாம் சொல்லாமல் போகிறோம்.

கையசைத்தல்

கிளம்பும் முறையை மாற்றினார்கள். வாசலில், எப்போதும் ஒரே இடத்தில், தங்கை குனிந்து அவன் முகத்துக்கு நேராக ஒரே வாக்கியத்தைச் சொல்லி, கையசைத்துவிட்டுக் கிளம்பவேண்டும். அழுதாலும் மறுபடி உள்ளே வரக்கூடாது. மணிக்கணக்கு அவனுக்குப் புரியாது என்பதால் நிகழ்ச்சிகளால் நேரத்தைச் சொல்லவேண்டும்: சோறு, தூக்கம், அப்புறம் அம்மா. தட்டு, பாய், தங்கையின் ஸ்கூட்டர் ஆகியவற்றைப் படமெடுத்து அச்சிட்டு, சமையலறைச் சுவரில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வரிசையாக ஒட்டினார்கள். முடிந்ததைக் கழற்றிவிடலாம். முதல் சில நாட்களில் அழுகை முன்னைவிடக் கூடியது. அம்மாவுக்கு இது பொறுக்கவே இல்லை. "பிள்ளைய அழவச்சுட்டுப் போறதுக்கு ஒரு டாக்டரு, அதுக்குப் பீஸு வேறயாட்டி?" என்று தங்கையைக் கேட்டாள். நியாயமான கேள்விதான். கண்மறைவாகப் போனபோது அழுகை ஆச்சியின் கண்ணெதிரே மட்டும் நடந்தது, அதுவும் சற்று நேரம் கழித்து. இப்போது தாயின் கண்ணெதிரே நடந்தது. இரண்டில் எது எளிது என்பது யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஆனால் சில வாரங்களில் ஒரு மாற்றம். தாய் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவன் அவளைவிட்டு நகரத் தொடங்கினான். அவள் கிளம்புவதற்கென்று ஓர் இடமும் முறையும் இருப்பதால், அந்த முறை தொடங்காதவரை அவள் போகமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது போலும். காவலுக்கு ஓய்வு கிடைத்தது. மயிலை மயிலாகப் பார்த்தான்.

கையசைப்பதைப் பற்றி அயர்லாந்தின் ஓர் ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. கொரோனா ஊரடங்கின் தொடக்க மாதங்களில், 2020 மார்ச்சுக்கும் மேக்கும் இடையில் பிறந்த 309 குழந்தைகளை ஒரு வயதில் கவனித்து, 2008 முதல் 2011 வரை பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பொருளுள்ள ஒரு சொல்லாவது சொன்னவர்கள் முன்பு 89 விழுக்காடு. ஊரடங்குக் குழந்தைகளில் 77 விழுக்காடு. விரலால் சுட்டுவதும் குறைந்திருந்தது. அதோடு, விடைபெறக் கையசைக்கத் தெரிந்தவர்கள் 94இலிருந்து 88 விழுக்காடாகக் குறைந்திருந்தார்கள். தவழ்வதில் மட்டும் அவர்கள் முந்தியிருந்தார்கள்! யாரும் வீட்டுக்கு வரவில்லை, யாரும் வீட்டிலிருந்து போகவில்லை என்பதால் கையசைக்க வாய்ப்பில்லாமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எங்கள் வீட்டில் தினமும் ஒருவர் போனார். ஆனால் கையசைக்க யாரும் இல்லை.

பேச்சு விஷயத்திலும் பயிற்சியாளர் எங்களிடம் கேட்டது, செய்வதைவிட நிறுத்துவதாகவே இருந்தது. "ஆப்பிள் சொல்லு, மாமா சொல்லு, பேர் என்ன சொல்லு" என்ற விசாரணையை நிறுத்தவேண்டும். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் பேசாத குழந்தைக்குத் தேர்வு வைப்பது நம் வழக்கம். தோற்பது உறுதியான தேர்வு என்பது குழந்தைக்கு நன்றாகத் தெரியும். அவன் பார்ப்பதை நாம் பார்க்கவேண்டும், அதற்கு ஒரு சொல் கொடுக்கவேண்டும், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும். இதில் மிகக் கடினமானது காத்திருப்பதுதான். என் அம்மாவால் ஐந்து நொடி பேசாமல் இருக்க முடியாது. அதற்கு அவளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கவேண்டியிருந்தது.

மறுபடி பள்ளி

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். நாலு பிள்ளைகளோடு சேர்ந்தால் பேச்சு வருமா? ஓரளவு சொற்கள் வந்துவிட்ட குழந்தைக்கு வரும். விளையாட்டில் இடம் பிடிக்கவேண்டிய தேவையே அதற்குத் தூண்டுதல். ஐந்தே சொற்கள் உள்ள குழந்தையின் நிலை வேறு. அதற்குத் தேவைப்படுவது, தான் எழுப்பும் அரைகுறை ஒலியைப் பிடித்து உடனே பதில் தரும் ஒருவர். இன்னொரு இரண்டரை வயதுக் குழந்தைக்கு அந்தப் பொறுமை இருக்காது. பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இருபத்தைந்து பேருக்கு ஒருவராக நிற்கும் ஆசிரியை, அழுகிறவனையும் அடிக்கிறவனையும் கவனிக்கவே நேரம் போதாமல் நிற்பார். ஓசையின்றி மூலையில் உட்கார்ந்திருப்பவன்தான் வகுப்பிலேயே தொல்லையில்லாத பிள்ளை. வீட்டில் நன்றாகப் பேசிப் பள்ளியில் மட்டும் வாய்திறக்காத குழந்தைகளும் உண்டு. பள்ளியின் முதல் மாதத்தைக் கடந்தும் அது நீடித்தால் பேச்சுத் தாமதமாக அல்லாமல் பதற்றத்தின் ஒரு வடிவமாகவே அதை மருத்துவர்கள் அணுகுகிறார்கள். அவர்களிடமும் 'பள்ளிக்கூடத்துல விட்டா சரியாயிரும்' என்பார்கள்; அந்தக் குழந்தைக்குப் பேச்சு நின்ற இடமே பள்ளிதான்.

தங்கை அந்தப் பள்ளியிலிருந்து அவனை நிறுத்திவிட்டுத் தெருமுனை அங்கன்வாடியில் விட்டாள். அங்கே கேட் இல்லை. ஆச்சி முதலில் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள், பிறகு திண்ணையில், பிறகு சோற்று நேரத்துக்கு மட்டும். அங்கன்வாடி ஆசிரியைக்கு இதில் எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை; கூடுதலாக ஒரு பெரிய மனுஷி இருந்தால் முட்டை உரிக்கும் நாட்களில் அவருக்கும் உதவிதான். படிப்படியாகப் பழக்கவேண்டும் என்று வழிகாட்டி நூல்கள் சொல்வதை அவர் எந்த நூலையும் பார்க்காமல் செய்தார்.

இப்போது அவனுக்கு மூன்றரை வயது கடந்துவிட்டது. மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறான், 'ற'வும் 'ழ'வும் இன்னும் வரவில்லை, கதை கேட்டால் பாதியில் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். செந்திலாண்டவர் கொடுத்த பேச்சு என்கிறாள் அம்மா. அங்கன்வாடிப் பிள்ளைகளோடு சேர்ந்ததால் வந்தது என்கிறார் தங்கை கணவர்; ஊரார் யோசனை பலித்துவிட்டதாக அவர் கணக்கு. பயிற்சிதான் என்கிறாள் தங்கை. தாமதமாகப் பேசுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பதால், எந்த வைத்தியத்துக்கும் சாட்சி சொல்ல எந்த ஊரிலும் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஒரு குழந்தையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. கிளம்பும் முறையை மாற்றியபின் அவன் இரவில் விழிப்பது நின்றது என்பதை மட்டும் நான் சற்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அந்த வாரங்களில் வேறெதுவும் மாறவில்லை.

ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கவேண்டும். வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பள்ளிக்குத் தங்கையோடு நானும் போயிருந்தேன். கட்டணம், சீருடை, வேன் வசதி எல்லாம் சொன்னார்கள். முதல் வாரம் பெற்றோர் ஒருவர் வகுப்பில் சற்று நேரம் இருக்கலாமா என்று தங்கை கேட்டாள். அலுவலகத்தில் இருந்தவர், அப்படி ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். எல்லோருக்கும் கொடுக்கலாமே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். வாங்கி வைத்திருக்கிறோம், அதற்குள் இன்னும் இரண்டு பள்ளிகளில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.